சிப் கம்பெனிகளின் சண்டையும் ஷேர் விலையும்: கோத்தகிரிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் வருகிறவர்கள் "இன்டெல் நல்லதா, ஏ.எம்.டி நல்லதா" என்று கேட்பார்கள். இப்போது லேப்டாப்பை மேஜையில் வைத்த கையோடு "என்விடியா ஷேர் இன்னும் ஏறுமாண்ணா?" என்கிறார்கள். பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். நான் முதலீட்டு ஆலோசகர் கிடையாது. இருபது வருஷமாக இந்தச் சிப்புகளைக் கையில் பிடித்துப் பார்க்கிறவன், கொஞ்சம் பணத்தை இதில் போட்டு ஒரு தடவை நன்றாக வழுக்கி விழுந்தவன், அவ்வளவுதான்.

யாருக்கும் யாருக்கும் சண்டை? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பழைய சண்டை இன்டெல்லுக்கும் ஏ.எம்.டிக்கும். இன்டெல் 1968-ல் தொடங்கியது, ஏ.எம்.டி 1969-ல், இரண்டும் கலிஃபோர்னியாவில். ஆரம்பத்தில் ஏ.எம்.டி இன்டெல்லின் சரக்கையே செய்துகொடுக்கும் கூட்டாளி. ஐ.பி.எம் 1981-ல் தன் பி.சி.யை வெளியிட்டபோது அதில் கம்ப்யூட்டரின் மூளையாக இன்டெல் பிராசஸரைப் போட்டது. ஆனால் ஒரே கம்பெனியை நம்பியிருக்க ஐ.பி.எம் தயாராக இல்லை, இரண்டாவதாக ஒருத்தரும் இதைச் செய்துதர வேண்டும் என்றது. அதனால்தான் 1982-ல் இன்டெல் ஏ.எம்.டிக்கு உரிமம் கொடுத்தது. 386 சிப் வந்ததும் "இனிமேல் தரமாட்டேன்" என்று இன்டெல் கையை விரிக்க, விஷயம் வழக்காகி, ஏ.எம்.டி தானே ஒரு 386-ஐச் செய்து 1991-ல் இறக்கியது. பங்காளிச் சண்டை மாதிரி இன்றுவரை நடக்கிறது.

இது போக கிராஃபிக்ஸ் சிப்பும் ஏ.ஐ. சிப்பும் வடிவமைக்கும் என்விடியா (1993), எல்லோருக்கும் சிப் அடித்துத்தரும் தைவானின் டி.எஸ்.எம்.சி (1987), மெமரி செய்யும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று களத்தில் பலர். 2020-ல் ஆப்பிளும் இன்டெல்லைக் கைவிட்டுத் தன் மேக் கம்ப்யூட்டருக்குத் தானே சிப் வடிவமைக்க ஆரம்பித்தது.

ஒருத்தர் விழுந்தால் அடுத்தவர் ஏறுவார், அப்படித்தானே?

சில நாள் அப்படி நடக்கும். 2020 ஜூலையில் இன்டெல் தன் அடுத்த தலைமுறை சிப் தாமதமாகும் என்று சொன்ன மறுநாள், இன்டெல் ஷேர் 16 சதவீதம் இறங்கியது, அதே நாளில் ஏ.எம்.டி ஏறத்தாழ அதே அளவு ஏறியது. தராசில் ஒரு தட்டு இறங்கி மற்றது ஏறிய மாதிரி. அதைப் பார்த்தவர்கள் இதுதான் விதி என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

2025 ஜனவரி 27-ஐப் பாருங்கள். டீப்சீக் என்ற சீனக் கம்பெனி குறைந்த செலவில் ஏ.ஐ. செய்துவிட்டது என்ற செய்தி பரவியதில் என்விடியா ஒரே நாளில் 17 சதவீதம் விழுந்தது, அதன் சந்தை மதிப்பில் 58,000 கோடி டாலருக்கு மேல் காலி. அன்றைக்கு ஏ.எம்.டி ஏறியிருக்க வேண்டுமே? அதுவும் விழுந்தது. ஏனென்றால் அன்றைய பயம் யார் கடையில் கூட்டம் என்பது பற்றி இல்லை, சந்தைக்கே ஆள் வருவார்களா என்பது பற்றி. செய்தி எந்த ரகம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2025 செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலரை இன்டெல்லில் முதலீடு செய்வதாக அறிவித்தது, இன்டெல் ஷேர் ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் எகிறியது. போட்டியாளர் பணம் போட்டதில் ஏறிய ஷேர். பங்காளிகள் எப்போது கல்யாணத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று வெளியாள் சொல்ல முடியாது.

நல்ல சிப் செய்கிற கம்பெனி ஷேர் ஏறத்தானே வேண்டும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2017-ல் ஏ.எம்.டி ரைசன் வந்தது. முதல் ரைசனைக் கடையில் ஒருவருக்காகப் போட்டுக்கொடுத்தேன். அந்தப் பிராசஸரின் அடியில் சீப்புப் பல் மாதிரி ஆயிரத்துச் சொச்சம் ஊசிகள் இருக்கும், ஒன்று வளைந்தால்கூடக் கதை முடிந்தது. பழைய பிளேடை இடையில் விட்டு மூச்சைப் பிடித்து நிமிர்த்த வேண்டும், அதுவும் ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும்போது. அன்றைக்கு இரவு ஒரு வீடியோவை அதில் மாற்றிப் பார்த்தேன், அதே விலைக்குக் கிடைத்த இன்டெல்லைவிட வேகமாக முடித்தது. "இந்தக் கம்பெனி எழுந்துவிட்டது" என்று அன்றே தெரியும். 2015-ல் 2 டாலருக்கும் கீழே கிடந்த ஷேர், நான் ஊசி நிமிர்த்திய காலத்தில் 10, 12 டாலர். வாங்கினேனா? வெளிநாட்டு ஷேரை எப்படி வாங்குவது என்றே அப்போது தெரியாது.

வழி தெரிந்து நான் வாங்கியது 2021 நவம்பரில், 150 டாலருக்கு. அப்போது இணையத்தை ஓட்டும் பெரிய கம்ப்யூட்டர்களான சர்வர்களுக்கு ஏ.எம்.டி செய்த சிப் இன்டெல்லின் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருந்தது. நான் கணித்தது சரி. ஆனால் 2022 அக்டோபரில் ஷேர் 60 டாலருக்கும் கீழே. அந்த வருஷம் அமெரிக்காவில் வட்டி ஏறியது, கொரோனா காலத்தில் எல்லோரும் லேப்டாப் வாங்கி முடித்துவிட்டதால் பி.சி. விற்பனை படுத்துவிட்டது. சர்வரில் ஏ.எம்.டி ஜெயித்துக்கொண்டே இருந்தது, என் பணம் பாதிக்கும் கீழே போய்க்கொண்டே இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்!

நான் விட்ட இடம் இதுதான். 150 டாலர் என்ற விலைக்குள்ளேயே "ஏ.எம்.டி ஜெயிக்கும்" என்ற நம்பிக்கை சேர்ந்திருந்தது. எனக்குத் தெரிந்தது அமெரிக்காவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதற்கான காசையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் எனக்கு விற்றார்கள். பலாப்பழத்தை வெட்டிச் சுளையைக் காட்டிவிட்ட பிறகு யாரும் முழுப்பழ விலைக்குத் தரமாட்டார்கள்.

2023 டிசம்பரில் 140-க்கு விற்றுவிட்டு வெளியே வந்தேன். டாலரில் நஷ்டம். வாங்கும்போது டாலர் 74 ரூபாய்ச் சொச்சம், விற்கும்போது 83. அதனால் ரூபாயில் கொஞ்சம் லாபம்! மூன்றே மாதத்தில் அது 220-ஐத் தாண்டியது. அதிலிருந்து 2025 ஏப்ரலில் 80-க்குக் கீழே போனது, அக்டோபரில் சாட்ஜிபிடியைச் செய்த ஓபன் ஏ.ஐ.யோடு ஒப்பந்தம் என்று சொன்ன நாளில் மட்டும் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் கம்பெனி செய்த சிப் ஒரு தடவைகூட மோசமாக இல்லை, கடையில் போட்டுக்கொடுக்கிற எனக்குத் தெரியும்.

ரிசல்ட் பிரமாதமாக வந்த மறுநாள் ஷேர் விழுகிறதே, ஏன்?

மேலே சொன்ன அதே கணக்குத்தான். 2024 ஆகஸ்டில் என்விடியா மூன்று மாத விற்பனை 3,000 கோடி டாலர் என்றது, முந்தைய வருஷத்தைவிட 122 சதவீதம் அதிகம். மறுநாள் 6 சதவீதம் இறங்கியது. பிளஸ் டூவில் 590 வாங்கும் என்று ஊரே எதிர்பார்த்த பிள்ளை 585 வாங்கினால் வீட்டில் என்ன நடக்கும்? பழைய உதாரணமும் உண்டு. 2000 ஆகஸ்டில் இன்டெல் ஷேர் 75 டாலர் அளவுக்குப் போனது. அடுத்த மாதமே "விற்பனை வளரும், ஆனால் நினைத்த அளவு இல்லை" என்று சொன்னதற்கு ஒரே நாளில் 22 சதவீதம் போச்சு. இருபது வருஷம் கழித்தும் அந்த 75-ஐ இன்டெல் திரும்பப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்த இருபது வருஷத்தில் பெரும்பகுதி உலகத்தின் பெரும்பாலான லேப்டாப்பிலும் சர்வரிலும் இருந்தது இன்டெல்தான்.

போட்டி வந்தால் பிராசஸர் விலை குறைகிறது. ஷேர் வைத்திருப்பவருக்கு அது நல்லதா கெட்டதா?

வாங்குகிற நமக்குக் கொண்டாட்டம், ஷேர்காரருக்குத் திண்டாட்டம். 2006-ல் இரண்டு பேரும் விலையைப் போட்டி போட்டுக் குறைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் நூறு ரூபாய் விற்றால் செய்கூலி போக 59 ரூபாய் நின்ற இன்டெல்லுக்கு, அந்த வருஷம் 51 ரூபாய்தான் நின்றது. பெரியவனுக்கு 8 ரூபாய் அடி என்றால் சின்னவன் பாடு என்ன? 2006-ன் ஆரம்பத்தில் 40 டாலரில் இருந்த ஏ.எம்.டி 2008 கடைசியில் 2 டாலருக்கு வந்தது. நடுவில் ஏ.டி.ஐ. என்ற கிராஃபிக்ஸ் கம்பெனியை 540 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சுமை வேறு.

அதனால் ஒரு சிப் கம்பெனியைப் பார்க்கும்போது விற்பனையைவிட இந்த மார்ஜினைத்தான் முதலில் பார்ப்பேன். போட்டியின் காயம் முதலில் அங்கேதான் தெரியும்.

டி.எஸ்.எம்.சி, டி.எஸ்.எம்.சி என்கிறார்களே, அது யார்?

நம் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப சுலபம். பெரிய எஸ்டேட்டுக்குச் சொந்த ஃபேக்டரி இருக்கும், இலை பறிப்பதிலிருந்து தூளாக்கி மூட்டை கட்டுவது வரை எல்லாம் உள்ளேயே. அது இன்டெல். நம்மைப் போல அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் இலையைப் பறித்து ஃபேக்டரிக்கு அனுப்புவார், தூளாக்குவது அவர்கள் வேலை. என்விடியாவும் ஆப்பிளும் அப்படி. வடிவமைப்பு அவர்களுடையது, அடித்துத்தருவது டி.எஸ்.எம்.சி. ஏ.எம்.டியும் ஒரு காலத்தில் சொந்த ஃபேக்டரி வைத்திருந்தது, 2009-ல் கட்டுப்படியாகாமல் தனியாகப் பிரித்துவிட்டுவிட்டது.

அப்போது பலர் சிரித்தார்கள். பத்து வருஷத்தில் சிரிப்பு இடம் மாறியது. இன்டெல்லின் சொந்த ஃபேக்டரி அடுத்த நுட்பத்துக்குப் போக முடியாமல் வருஷக்கணக்கில் திணற, டி.எஸ்.எம்.சி முந்திவிட்டது, அதன் தோளில் ஏறி ஏ.எம்.டியும் முந்தியது. இதில் எனக்கு இன்றும் ஆச்சரியம் ஒன்று உண்டு. மிக நுண்ணிய சிப் அடிக்கும் மெஷினை உலகத்தில் ஒரே கம்பெனிதான் செய்கிறது, நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். அதை உருவாக்க 2012-ல் பணம் போட்ட மூன்று பேரில் பெரிய தொகை போட்டது இன்டெல். ஆனால் அந்த மெஷினை முதலில் முழுமூச்சாக ஓட்டிக் காசாக்கியவர்கள் டி.எஸ்.எம்.சியும் சாம்சங்கும்.

ஷேர் கண்ணோட்டத்தில் பார்த்தால், என்விடியா ஜெயித்தாலும் ஏ.எம்.டி ஜெயித்தாலும் இலை அதே ஃபேக்டரிக்குத்தான் போகிறது. இன்டெல்லே தன் சில சிப்புகளை அங்கே கொடுத்துத்தான் அடிக்கிறது. யார் ஜெயிப்பார் என்று ஊகிக்கப் பிடிக்காதவர்கள் அதனால் டி.எஸ்.எம்.சி பக்கம் போகிறார்கள். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. பெரும்பாலான ஃபேக்டரி ஒரே தீவில், எதிரே சீனா.

ரேம் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

பச்சைத் தேயிலை விலை ஏன் ஏறி இறங்குகிறது? விலை நன்றாக இருக்கும்போது எல்லாரும் நடுவார்கள், செடி வளர்ந்து இலை தரும்போது எல்லார் இலையும் ஒன்றாக வந்து நிற்கும். 1998-ல் இங்கே நல்ல விலை. இரண்டே வருஷத்தில் பறிகூலிக்கே கட்டாது என்று இலையைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. மெமரி சிப்பும் அப்படி, யாருடையதாக இருந்தாலும் ரேம் ரேம்தான். ஃபேக்டரி கட்ட இரண்டு மூன்று வருஷம், கட்டி முடிக்கும்போது விலை படுத்திருக்கும். அந்தப் பள்ளத்தில் ஜெர்மனியின் கிமோண்டா 2009-ல் திவால், ஜப்பானின் எல்பிடா 2012-ல் திவால், அதை மைக்ரான் வாங்கிக்கொண்டது. கடைசியில் நின்றது பெரிதாக மூன்று பேர்தான், சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான். ஆள் குறைந்ததும் விலையில் அவர்கள் கை ஓங்கியது.

2025 கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரியை எல்லாம் திருப்பிவிட்டார்கள். கோயமுத்தூர் மொத்த வியாபாரிக்குக் காலையில் ஃபோன் போட்டு ரேம் விலை கேட்டால் "இது மத்தியானம் வரைக்கும்தான் சார்" என்றார். வெள்ளிக் கடையில்கூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அந்த டிசம்பரில் மைக்ரான், கடைகளில் விற்கும் தன் குரூஷியல் ரேமையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ரேம் விலை எகிறிய அந்தக் காலத்தில் மெமரி கம்பெனி ஷேரும் எகிறியது. வாடிக்கையாளர் என்னைத் திட்டுகிற அளவுக்கு அங்கே ஷேர்காரர் சிரிக்கிறார். ஆனால் இது சுற்று. மெமரி ஷேரை லாபம் உச்சத்தில் இருக்கும்போது பார்த்தால், அந்த லாபத்தோடு ஒப்பிட விலை மலிவாகத் தோன்றும், அப்போதுதான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இன்டெல் அவ்வளவுதானா?

ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1960-ல் ஆரம்பித்த அரசு நிறுவனம், எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் நாடு முழுக்கப் போனது. அங்கே வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். பிறகு வெளிநாட்டு ஃபிலிம், கலர், டிஜிட்டல் என்று ஒவ்வொன்றாக வந்து விழுங்கியது. இவ்வளவு பெரிய இடம் மூடாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இன்டெல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் 15,000 பேரை வீட்டுக்கு அனுப்புவதாகவும் ஷேர்காரருக்குத் தரும் லாபப் பங்கான டிவிடெண்டை நிறுத்துவதாகவும் சொன்ன மறுநாள் 26 சதவீதம் விழுந்தது. அந்த வருஷ நஷ்டம் 1,880 கோடி டாலர். அமெரிக்காவின் முன்னணி ஷேர்கள் அடங்கிய டௌ ஜோன்ஸ் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்விடியாவைப் போட்டார்கள். 2025-ல் அமெரிக்க அரசே ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை, ஒரு ஷேர் 20 டாலர்ச் சொச்சத்துக்கு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வருஷக் கடைசிக்குள் நல்ல ஏற்றம். எல்லாரும் கைகழுவிய விலையில் வாங்கினவருக்கு லாபம், உத்தமமான கம்பெனி என்று 2000-ல் வாங்கினவருக்கு இருபது வருஷக் காத்திருப்பு.

என் பையன் பெங்களூரில் சிப் கம்பெனியில் இருக்கான் தம்பி. சம்பளத்தோட ஷேரும் தராங்களாம். வெச்சுக்கட்டுமா, விக்கட்டுமா?

(தேயிலை எடை போடுமிடத்தில் ஒரு அம்மா கேட்டது.) அம்மா, நம் ஊரில் நிலமும் தேயிலை, வேலையும் தேயிலை ஃபேக்டரி, கடன் வாங்கியதும் தேயிலையைக் காட்டி என்று இருந்த வீடுகள் 2000-ல் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பையனுக்குச் சம்பளமே அந்தக் கம்பெனியில்தான். கம்பெனிக்கு அடி விழுந்தால் வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் ஆட்டம் காணும். கைக்கு வரும்போதே அந்த ஷேரின் மதிப்பைச் சம்பளமாகக் கணக்கிட்டு வரி பிடித்துவிடுவார்கள். அதனால் வரிக்குப் பயந்து வைத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஒவ்வொரு தடவையும் பாதியை விற்று வேறிடத்தில் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விற்கச் சொன்னால், நாளைக்கு ஏறியதும் நீங்கள் என் கடைப்பக்கமே வரமாட்டீர்கள்.

இங்கே இருந்து எப்படி வாங்குவது? வரி?

வெளிநாட்டு ஷேர் வாங்கித்தரும் ஆப்கள் உண்டு, கால் ஷேர் அரை ஷேர்கூட வாங்கலாம். ஆர்.பி.ஐ. விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், நமக்கு அந்தக் கவலை இல்லை. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் மேற்படும் தொகைக்கு 20 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள், வரிக் கணக்கில் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி, அதற்குள் என்றால் உங்கள் வருமான வரம்புப்படி. டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் எடுத்துக்கொண்டுதான் தரும்.

முக்கியமாக, ஒரே ஒரு ஷேர் வைத்திருந்தாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்டியே ஆக வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நல்ல ஆடிட்டரிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. சந்தை திறப்பது நம் நேரத்துக்கு இரவு 7 மணி, குளிர்காலத்தில் 8. கம்பளிக்குள் உட்கார்ந்து நடுராத்திரி வரை பச்சையும் சிவப்பும் பார்க்கும் பழக்கம் எனக்கும் இருந்தது, மறுநாள் சால்டரிங் செய்யும்போது கை நடுங்கும்.

நம் நாட்டுச் சிப் ஷேர்?

மைக்ரான் குஜராத்தின் சானந்தில், டாடா டோலேராவில் என்று வேலை நடக்கிறது. ஆனால் மைக்ரான் இந்தியச் சந்தையில் இல்லை, டாடா எலெக்ட்ரானிக்ஸ் எந்தச் சந்தையிலும் பட்டியலிடப்படவில்லை. பெயரில் "செமிகண்டக்டர்" என்று ஒட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் சின்னக் கம்பெனிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அது சிப் சமாச்சாரமே இல்லை.

சரிண்ணா, இதெல்லாம் விடுங்க. பொண்ணு காலேஜுக்குப் போறா, லேப்டாப் இன்டெல்லா ஏ.எம்.டியா?

உங்கள் காசுக்குள் எது 16 ஜி.பி. ரேமோடு வருகிறதோ அது. ரேம் விலை இருக்கிற இருப்பில் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று 8-ல் வாங்காதீர்கள். வாங்கின பையோடு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு வையுங்கள், ஜூலையில் இங்கே மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். போன வருஷம் பூஞ்சை பிடித்து வந்த கீபோர்டுகளை மட்டும் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.